மருந்து போட்டால் கன்று வருமா?

ஆய்வுக்கூடத்தில் மாட்டுக் கரு உருவாக்குவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மெலடோனின், வைட்டமின் சி, சிஸ்டியமைன்... மளிகைச் சீட்டு மாதிரி நீள்கிறது பட்டியல்!

விஷயம் முழுப்பொய் அல்ல. முட்டை 38.5 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 24 மணி நேரம் கிடந்து முதிர்கிறது. அப்போது சிஸ்டியமைன் கொடுத்தால் முட்டைக்குள் குளூட்டாதயோன் கூடுகிறது. உள்ளே நுழைந்த விந்தணுவின் தலை அவிழ அது வேண்டும். ஆனால் அளவு மிஞ்சினால் வினை. விந்தணு கருவுறச் செய்யும் திறன் பெறுவதற்கே கொஞ்சம் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் சீண்டல் தேவை.

அதைவிட, கேடு எங்கிருந்து வருகிறது? காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். பசுவின் கருக்குழாயில் அதைவிட வெகு குறைவு. கரு வளரும் நாட்களில் 5 சதவீதமாகக் குறைத்து வைக்கும் இன்குபேட்டர்கள் எப்போதோ வந்துவிட்டன. அடுப்பைத் தணிக்காமல் பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பானேன்?

இரண்டாகப் பிளந்த முட்டைகளை எண்ணி வெற்றி என்பது இன்னொரு கூத்து. பிளந்தவற்றில் பல ஏழாம் நாளைத் தாண்டுவதில்லை. 1990-இல் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த 'பிரதம்' என்ற எருமைக்கன்றை இன்றும் சொல்கிறோம் என்றால், அது கன்றாகப் பிறந்ததால்தான்.

கொடுமுடிப் பக்கம் காங்கேயம் மாடு வைத்திருப்பவர் செனை நிற்குமா என்றுதான் கேட்பார். அவரிடம் இறைச்சிக்கூடத்துச் சூலகத்தில், அதுவும் வேற்றின மாட்டில் எடுத்த சதவீதத்தைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? காங்கேயம் பசுவிலேயே செய்து, பிறந்த கன்றுகளை எண்ணிக் காட்டட்டும்.