நாடாக்களைக் காப்பாற்றியது யார்?

காந்த நாடா என்றதும் நமக்குப் பாட்டுக் கேட்ட காசெட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கம்ப்யூட்டர்களும் விஞ்ஞான நிலையங்களும் பல காலம் தங்கள் கணக்குகளை நாடாவிலேயே பதிந்து வைத்தன. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்ஸைடுப் பொடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதில் காந்தக் குறிகளாகச் செய்தி பதியும். அந்த நாடாக்களின் கதி என்ன? அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

1969 ஜூலையில் அப்போலோ 11-ல் சென்ற மனிதர்கள் சந்திரனில் கால் வைத்தார்கள். உலகம் டெலிவிஷனில் பார்த்த படத்தின் நகல் இருக்கிறது. அதைவிடத் தெளிவான மூலப் பதிவு நாடாக்கள் எங்கே? தேடிப் பார்த்த நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு வேலைக்கு மறுபடி உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் சொல்லிற்று. காரணம், நாடாத் தட்டுப்பாடு! விதை நெல்லைக் குத்தித் தின்ற கதைதான் இது.

இன்னொரு சம்பவம். 1966, 1967 ஆண்டுகளில் நாசா ஐந்து விண்கலங்களை அனுப்பிச் சந்திரனைப் படம் பிடித்தது. அவை அனுப்பிய படங்கள் சுமார் 1,500 நாடாச் சுருள்களில் பதிவாயின. 1986-ல் இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நான்ஸி இவான்ஸ் என்ற ஊழியர் அம்மையார், வீசி எறிய சம்மதிக்கவில்லை. நாடா இருந்தால் மட்டும் போதுமா? அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரம் வேண்டுமே! கழித்துக் கட்டப்பட்ட இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, தம் வீட்டுக் கொட்டகையில் சுமார் இருபது வருஷம் வைத்துக் காத்தார். பண உதவி கேட்டார், கிடைக்கவில்லை.

பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கௌயிங் என்ற இருவர் முன்வந்தார்கள். கலிபோர்னியாவில், மூடிக் கிடந்த ஒரு ஹாம்பர்கர் கடைதான் பட்டறை. ஒரு இயந்திரத்தின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட வைத்தார்கள். 1966 ஆகஸ்ட் 23-ல் எடுத்த, சந்திரனின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் படம், 2008 நவம்பரில் புதுத் தெளிவோடு வெளிவந்தது.

இதைச் சாதித்தது பணப் பெட்டியா? இல்லை. அத்தகைய இயந்திரங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் கைத்திறனும் இதில் சேர்ந்தது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் ஃபிட்டர் போனபின் மெஷின் படும் பாடு மில் தொழிலாளிக்குத் தெரியாததா? நாடா விஷயமும் அப்படியே. சில பழைய நாடாக்களில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து செய்தியே போய்விடும். சுமார் 50 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் பக்குவமாக உலர்த்தி, மறுபடி பிசுபிசுக்கும் முன் நகல் எடுக்க வேண்டும். இது பழகிய கைக்கே வரும்.

சந்திரன் படத்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, உங்கள் பிராவிடண்ட் பண்டுக் கணக்கும், நிலத்தின் பட்டா விவரமும் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இன்றைய புது இயந்திரம் நாளைய பழைய இரும்பு. அப்போது கணக்கைப் படிக்க முடியாவிட்டால், நஷ்டம் அதிகாரிக்கா, உழைத்தவனுக்கா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: பழையதை எடைக்குப் போடுமுன் நகல் எடுக்க வேண்டும், நகலைச் சரிபார்க்க வேண்டும், படிக்கும் இயந்திரத்தையும், அதை ஓட்டத் தெரிந்தவரின் அறிவையும் அடுத்த தலைமுறைக்குச் சேர்க்க வேண்டும். பொதுப் பணத்தில் உண்டான பதிவு பொதுச் சொத்து. அதைக் காப்பது ஒரு அம்மையாரின் கொட்டகையை நம்பி இருக்கக் கூடாது.