இரும்பு ரேக்கும் பிள்ளைகளும்



மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் குறைவாய் இருப்பது தரை. ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், விருந்தாளிகளுக்கென்று சுருட்டிவைத்த பாய், மழைக்காலத்தில் மட்டும் தேவைப்படும் தார்ப்பாய் எல்லாம் கட்டிலுக்கு அடியிலே தஞ்சம் புகுகின்றன. ஆகவே அநேகர் துளையிட்ட கோண இரும்பாலான ரேக்கை வாங்கி, கூலி மிச்சமென்று தாங்களே பூட்டிக்கொள்கிறார்கள். நல்லதே. மரத்தைப்போல் இதைக் கரையான் அரிக்காது, வேண்டியபோது கழற்றிவிடலாம்.

இவ்வகை இரும்பை லண்டனில் அச்சகம் நடத்திவந்த டெமெட்ரியஸ் கோமினோ என்ற பொறியாளர் 1947-இல் டெக்சியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப்போல, எந்தத் துளையிலும் எதையும் பூட்டலாம் என்பதே இதன் சிறப்பு. அந்தச் சுதந்தரமே தவறுக்கும் இடங்கொடுக்கிறது என்பதை மறவாதிருங்கள்.

வாங்கும்போது கேஜ் என்னவென்று கேளுங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும்; இதை அறியாமல் பெரிய எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. நிற்கும் கோணங்கள் 14 கேஜ், அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நலம். தட்டுகள் 20 அல்லது 22 கேஜ் கிடைக்கும். அவை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியவை என்பதால், பாரம் பரவலாக இருந்தால் தாங்கும், நடுவிலே குவிந்தால் தொய்யும். கனமான பொருள் வைப்பதானால் அடியிலே முட்டுப்பட்டை பொருத்திய தட்டைக் கேட்டு வாங்குங்கள். மூலைகளுக்கான முக்கோணத் தகடுகளையும், கால்களுக்கான பிளாஸ்டிக் ஷூக்களையும் கடைக்காரர் தாமாகத் தருவார் என்று நம்பவேண்டாம். ஒரு தட்டிற்கு மூலைக்கு 2 வீதம் 8 போல்ட். 5 தட்டுகளுக்கு 40. முக்கோணத் தகடுகளுக்குரியவை வேறு. எண்ணி வாங்குங்கள்.

பூட்டும் நாளில் தடித்த கையுறை அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய கோணத்தின் முனையிலுள்ள பிசிறு கத்தியைப்போல் கையைக் கிழிக்கும். நான்கு கோணங்களையும் ஒரே முனை கீழே வரும்படி அடுக்கி, அடியிலிருந்து துளைகளை எண்ணி, தட்டு வரவேண்டிய இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஒரு மூலையில் ஒரு துளை மாறினாலும் தட்டு சாயும். பின்பு தரையிலே படுக்கவைத்து மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் பூட்டி, இருவராகச் சேர்ந்து நிமிர்த்துங்கள். போல்ட்டின் தலை வெளியேயும் நட்டு உள்ளேயும் இருக்கட்டும். அப்பொழுது போகிறவர் வருகிறவர் ஆடை மாட்டாது.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மாத்திரமே திருகவேண்டும். ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போதே இறுக்கிவிடுகிறவர்களுடைய ரேக் கோணலாகவே நிற்கும், எவ்வளவு விலை கொடுத்ததாயினும் சரி. நடுத்தட்டுகளையும் மாட்டியபின், பின்புறத்தில் மூலைக்கு மூலை குறுக்காக அளவெடுங்கள். இரண்டு அளவும் ஒத்திருந்தால் சட்டம் சதுரமாக நிற்கிறது. இல்லையென்றால் நீளமான மூலையைத் தள்ளிச் சரிசெய்து, அதன்பின் ஸ்பானரால் இறுக்குங்கள். எம்8 போல்ட் என்றால் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும்.

இனி முக்கியமான காரியத்திற்கு வருகிறேன். வீடுகளைச் சந்திக்கச் செல்லும் இடங்களில் நான் காணும் ரேக்குகளில் பெரும்பாலானவை சுவரோடு பிணைக்கப்படாதவை. 6 அடி உயரமும் 12 அங்குல ஆழமும் உள்ள ரேக், தன் ஆழத்தைப்போல் ஆறு மடங்கு உயர்ந்து நிற்கிறது. ஊரிலே வேம்பிலும் கொய்யாவிலும் ஏறி வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு நகரத்திலே ஏற மரமில்லை. ரேக்கின் தட்டுகளோ ஏணிப்படிகளைப்போல் எதிரே நிற்கின்றன. மேல்தட்டிலுள்ள பிஸ்கட் டப்பாவிற்காக நான்கு வயதுப் பிள்ளை இரண்டாம் தட்டில் கால்வைத்துப் பின்னுக்குச் சாய்ந்தால், ரேக் முழுவதும் அதன்மேல் வரும். இது நேருவதற்கு ஒரு நொடி போதும், தாய் அடுப்பண்டையிலிருந்து திரும்புவதற்கு அது போதாது.

ஆகவே மேற்பகுதியில் இரண்டு இடங்களில் எல் வடிவப் பட்டையால் சுவரோடு பிணையுங்கள். துளையிடும்போது வரும் தூளைப் பாருங்கள். சிவந்த தூள் வந்தால் செங்கல். பிளக் நன்றாய்ப் பிடிக்கும். சாம்பல் நிறத்தூளோடு டிரில் இறங்க மறுத்தால் அது கான்கிரீட். புதிய அடுக்குமாடிகளில் மிருதுவாய் இறங்கி வெண்சாம்பல் தூள் வருமானால் அது இலேசான ஏஏசி கல். அதற்கென்று விற்கப்படும் பிளக் இல்லாமல் சாதாரணப் பிளக் நாளடைவில் கழன்றுவரும். எந்தச் சுவரானாலும் பிளக் பூச்சைக் கடந்து கல்லுக்குள் செல்லவேண்டும். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதிருங்கள். ஒயர் அவ்வழியே ஓடக்கூடும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முன்னதாகவே கேளுங்கள். இரண்டு துளைகள் ஏன் என்று விளக்கிச் சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு.

25 கிலோ அரிசியும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும்; தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ எடை. மேலே பஞ்சணை, காலிப் பெட்டி போன்றவை போதும். பிள்ளைகள் விரும்புவதை மேல்தட்டில் ஒளித்துவைக்கவேண்டாம். கேஸ் சிலிண்டர் ரேக்கில் ஏறக்கூடாது. தரையில் நிமிர்ந்தே நிற்கவேண்டும்.

சிலர் இடமில்லாமையால் ரேக்கை மாடிப்படியின் கீழோ கட்டடத்தின் வாகன நிறுத்துமிடத்திலோ வைக்கிறார்கள். மாடிப்படி தீவிபத்தில் ஓடித் தப்பும் வழி. அங்கே வைக்கவே கூடாது. தூண்தள வாகன நிறுத்துமிடம் கட்டடத்தாரின் பொதுப்பகுதி என்றும், கட்டியவர் அதைத் தனியே விற்க இயலாது என்றும் மும்பை வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஆகையால் அங்கே வைக்கவேண்டுமானால் சொசைட்டியின் அனுமதியை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரானால் ரேக்கைச் சற்று விலக்கி, அந்த இடைவெளிக்கேற்ற நீளமான பட்டையால் பிணையுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் உடனே பூசிவிடுங்கள். பாரம் ஏற்றி ஒரு மாதம் சென்றபின் எல்லா நட்டுகளையும் மறுபடியும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள், சில தளர்ந்திருக்கும். 11 மாத ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு செல்லும்போது, கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஒரு துணிப்பையிலிட்டு, அந்தப் பையைக் கோணத்திலேயே கட்டிவிடுங்கள்.