விபத்தில் மூளைச்சாவு... தானமாகக் கிடைக்கும் உறுப்பு யாருக்குப் போகும்?

அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு வந்த ஒருவர் நான்குவழிச்சாலையில் விபத்தில் சிக்குகிறார்னு வச்சுக்குவோம். தலையில் பலத்த அடி. திண்டுக்கல்லில் முதலுதவி, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மூளைச்சாவு என்கிறார்கள். குடும்பமும் உறுப்பு தானத்துக்குச் சம்மதிக்கிறது.

சரி, அந்தச் சிறுநீரகம் யாருக்கு? "காசு இருக்கிறவனுக்குத்தான்" என்பார்கள் டீக்கடையில். உண்மையில் என்ன நடக்கிறது?

யார் முடிவு செய்கிறார்கள்?

1994 சட்டப்படி 4 டாக்டர்கள் குழு, 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். மாற்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்கள் இதில் இருக்கக் கூடாது. 2008-ல் திருக்கழுக்குன்றம் மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தபோதுதான் தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு பேச்சானது. இப்போது உறுப்புகளை ஒதுக்குவது டிரான்ஸ்டான் எனும் அரசு ஆணையம்.

வரிசை எப்படி?

முதலில் ரத்த வகை. சிறுநீரகம் என்றால் அடுத்தது பதிவு மூப்பு. கல்லீரல், இதயம் என்றால் நோயாளியின் அவசரம் பெரிதாகப் பார்க்கப்படும். உறுப்பை எடுக்கும் மருத்துவமனைக்கு மாற்று அறுவை சிகிச்சை உரிமம் இருந்தால் ஒரு சிறுநீரகம் அங்கேயே காத்திருப்பவருக்கு. இன்னொன்று பொதுப் பட்டியலுக்கு. அதில் அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குத்தான் முன்னுரிமை, தனியார் பிறகு. வெளிநாட்டவர் கடைசி. இந்த விதி மீறப்பட்டதாக 2018-ல் சென்னை தனியார் மருத்துவமனைகள் மீது புகார் எழுந்ததும் நினைவிருக்கலாம். ஆக, டீக்கடைக்காரரின் சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல.

போன் வந்தாலே கிடைச்சிடுமா?

இல்லை. ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேல் அழைப்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி பஸ் ஏறி வருபவரின் ரத்தத்தை, தானம் தந்தவரின் அணுக்களோடு கலந்து பார்ப்பார்கள். எதிர்ப்பு தெரிந்தால் வரிசையில் முதல் ஆளாக இருந்தாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். நேரமும் நெருக்கும். இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் வரை. அதனால்தான் பக்கத்து ஊருக்கு முதலிடம்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வாரம் மூணு தடவை டயாலிசிஸ் போனாலே வரிசையில் இருப்பதாக நினைக்கிறார்கள். பதிவுத் தேதியிலிருந்துதான் கணக்கு. நோயாளி தானாகப் பதிய முடியாது. உரிமம் உள்ள மருத்துவமனைதான் பதிய வேண்டும். அடுத்த தடவை டயாலிசிஸுக்குப் போகும்போது, "என் பேரைப் பதிஞ்சாச்சா? நம்பர் என்ன?" என்று கேளுங்கள்.