முதலில் வரவேற்பு மேசையைக் கேளுங்கள்



ஒன்டாரியோவில் வீட்டுச் சொந்தக்காரர் தானே குடிவரப் போவதாகச் சொல்லி, குறைந்தது 60 நாள் அவகாசத்துடன் ‘என்12’ படிவம் தரலாம். ஆனால் அந்தத் தாளுக்காக மட்டும் ஒருவரும் வெளியேறத் தேவையில்லை. வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவு போடவேணும். அதற்குப் பிறகும் ஷெரிஃப் மட்டும்தான் வெளியேற்றலாம். இது தெரியாத அம்மம்மா அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிடுவா.

இதைத் தமிழில் விளங்கப்படுத்தக்கூடியவர்கள் எங்கட சமூக சேவை நிறுவனங்களிலேயே இருக்கினம்: வரவேற்பு மேசையில், தொலைபேசியில், பலர் ஒப்பந்த வேலையில். அவர்களிடம் வருகிற கேள்விகள் நிர்வாகத்துக்குப் போய்ச் சேருவதில்லை. நிர்வாகத்திடமிருந்து வெளியே வருவதோ, ஆங்கிலத்தில் விழாப் படங்களும் நன்கொடையாளருக்கு நன்றியும்.

தொடர்பாடல் என்பது விளம்பரம் இல்லை. கிழமைக்கு ஒருக்கா, சம்பள நேரத்திலேயே, இந்தப் பணியாளர்கள் கூடி, அதிகம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் வைக்கட்டும். பதில் இரண்டு நிமிடக் குரல்பதிவாக, தமிழில், வாட்ஸ்அப்பில் போகட்டும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து மொழிபெயர்க்கும்வரை ஒருவரும் பயந்துகொண்டு இருக்கக்கூடாது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. உறுப்பினராகச் சேருவம். அங்க எழும்பி இதைக் கேட்பம்.