பாடக்குறிப்பும் இயந்திரமும்

ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒருவரின் மாலைப்பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதைப் பெற்றோரிற் பலர் அறியார். மறுநாட் பாடத்துக்குக் குறிப்பெழுதுதல், சொல்லட்டை வெட்டுதல், பயிற்சித்தாள் ஆக்குதல் என வேலை நீண்டு செல்லும். ஒருவரே இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் சிறிய பாடசாலைகளில் இச்சுமை மேலும் பெருகும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின்னர், இவ்வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் ஆசிரியரிடையே தோன்றியுள்ளது. இது தகுமா என்னும் வினாவும் உடன் எழுந்துள்ளது.

இதனைச் சோம்பலின் துணையென இகழ்வாருடன் நாம் உடன்படோம். ஒரே பொருளைத் தரம் 1 பிள்ளைக்குப் படமும் சொல்லுமாகவும், தரம் 3 பிள்ளைக்குச் சிறு வாக்கியங்களாகவும், தரம் 5 பிள்ளைக்கு ஒரு பந்தியாகவும் வகுத்துத் தருமாறு கேட்டால், இயந்திரம் சில நிமிடங்களில் ஒரு வரைவைத் தந்துவிடும். அவ்வாறு மிஞ்சும் நேரம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் அருகில் அமர்வதற்குப் பயன்படுமாயின் அதனைப் பழிப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

ஆயினும், இவ்வியந்திரம் எவ்வாறு எழுதுகின்றது என்பதை அறிந்தே அதனைக் கையாளல் வேண்டும். அளவிறந்த எழுத்துக்களிற் பயின்று, எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்து அது எழுதுகின்றது. அவ்வெழுத்துக்களிற் பெரும்பங்கு ஆங்கிலம்; தமிழின் பங்கு சிறிது; அத்தமிழிலும் ஈழத்து வழக்குக் குறைவு. எனவே, நம் பிள்ளை ‘கதிரை’ என்னுமிடத்தில் அது ‘நாற்காலி’ என்றும், ‘சவர்க்காரம்’ என்னுமிடத்தில் ‘சோப்பு’ என்றும் எழுதக் காண்கின்றோம். அவை குற்றமான சொற்கள் அல்ல. ஆனால், எழுத்தையும் ஒலியையும் இப்போதுதான் இணைக்கத் தொடங்கிய ஆறு வயதுப் பிள்ளைக்கு, அட்டையில் உள்ள சொல் வீட்டிற் கேட்ட சொல்லாக இருத்தல் வேண்டும்.

சொல்லுக்குப் பொருந்துவது பொருளுக்கும் பொருந்தும். ‘நீர்’ என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பொதுவாகக் கேட்டால் ஆறும் அணைக்கட்டும் நிறைந்த குறிப்பொன்று கிடைக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை; சுண்ணாம்புக் கற்பாறையிடையே தங்கும் நிலத்தடி நீரே அங்கு ஆதாரம். அப்பிள்ளைக்கு நீர் என்பது கிணறு, கப்பி, வாளி. மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது பீலியில் விழும் நீர். மட்டக்களப்புப் பிள்ளையின் கண்முன் விரிவது வாவி. இவற்றைச் சொல்லிக் கேட்கும் ஆசிரியருக்கு இயந்திரம் நல்ல குறிப்பையே தரும். சொல்லாது கேட்பவருக்கு எவருக்கும் உரியதல்லாத குறிப்பையே தரும். ஆகவே முதற் சிந்தனை ஆசிரியருடையதாகவே இருத்தல் வேண்டும்.

வேறு இரு எச்சரிக்கைகளும் உண்டு. பிழையானதையும் ஐயமின்றிக் கூறுவது இவ்வியந்திரத்தின் இயல்பு. அது தந்ததை ஆசிரியர் வழிகாட்டியுடன் ஒப்புநோக்காது வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாகாது. பிள்ளைகளின் பெயரையும் குடும்ப நிலையையும் நோயையும் அதனிடம் எழுதுதலும் கூடாது. வகுப்பறையில் இக்கருவியைக் கையாளும் மாணவருக்குக் குறைந்த வயது 13 என வரையறுக்குமாறு யுனெஸ்கோ 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி ஆலோசனை கூறியது. ஆரம்ப வகுப்பில் இது ஆசிரியரின் கையில் இருக்கவேண்டிய கருவியே என்பது இதனாற் பெறப்படும்.

எமது பெருங்கவலை வேறொன்று. பாடக்குறிப்பேட்டின் ஒழுங்கையும் அழகையும் மட்டுமே பார்த்துக் கையொப்பமிடும் வழக்கம் நீடிக்குமாயின், இயந்திரம் எல்லோரையும் திருப்திப்படுத்திவிடும்; ஏமாறுவது பிள்ளை ஒன்றே. ஆதலின் அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் இனிக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: “நேற்றைய பாடம் விளங்காத பிள்ளை யார்? அப்பிள்ளைக்காக இன்று எதனை மாற்றினீர்?” இதற்கான விடையை ஆசிரியர் நாள்தோறும் தம் கையாலேயே இரண்டு வரி எழுதுவாராக. எஞ்சியதை இயந்திரம் எழுதினாலும் குறையில்லை.

1848 இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், மாணவரின் படிநிலை நோக்கிப் பாலபாடங்களை எழுதினார். அச்சியந்திரம் அவருக்குக் கருவியாய் அமைந்தது. மாணவரை அறிந்த அறிவோ அவருடையது. இன்று கருவி மாறியுள்ளது. பிள்ளையை அறியும் பொறுப்பு மாறவில்லை என்பதை ஆசிரிய உலகம் நெஞ்சிற் கொள்வதாக.