மின்சார லோடு ஆட்டோ யாருக்குக் கட்டும்?

திருமழிசை, வெள்ளவேடு பக்கம் கீரையும் பூவும் பயிரிடும் விவசாயிகள் சமீப காலமாக ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். கோயம்பேட்டுக்குச் சரக்கு ஏற்ற மின்சார லோடு ஆட்டோ வாங்கலாமா? டீசல் வண்டியை விற்றுவிடலாமா? விற்பனையாளர்கள் சொல்லும் கணக்கு பாதிக் கணக்குதான் என்பது என் கருத்து.

போய்வர தினம் 40 கிலோமீட்டர் என்று வைப்போம். டீசல் வண்டி லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் 1.6 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் வீதம் 147 ரூபாய். மின்சார வண்டி யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் ஓடினாலும் 5 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகவே போட்டால் 40 ரூபாய். தினம் 107 ரூபாய் மிச்சம். ஆண்டில் 300 நாள் ஓட்டுபவருக்குச் சுமார் 32,000 ரூபாய். இன்ஜின் ஆயில், வடிகட்டிச் செலவும் இல்லை. இதுவரை விற்பனையாளர் சொல்வது சரியே.

அவர் சொல்லாமல் விடுவது பேட்டரியை. மாற்றும்போது 1,20,000 ரூபாய் ஆகும், ஆறு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 20,000 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். தினம் ஓடும் வண்டிக்கு அதன் பிறகும் 12,000 ரூபாய் நிற்கும். வாரம் மூன்று நாள் மட்டும் சந்தைக்குப் போகிறவருக்கு மிச்சமே 16,000 ரூபாய்தான். பேட்டரியோ ஓடாமல் நின்றாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். அரை ஏக்கர் மல்லிகைக்காரர் கடன் வாங்கித் தனியாக இந்த வண்டி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அக்கம்பக்கத்து நாலு பேர் சேர்ந்து வாங்கி, தினமும் எல்லார் சரக்கையும் ஒரே நடையில் ஏற்றினால் கட்டுபடியாகும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. ஆயில் இன்ஜினா, மின் மோட்டாரா என்று அதுவரை கிணற்றடியில் நடந்த வாதமும் அதோடு ஏறக்குறைய ஓய்ந்தது. அந்த நினைப்பில், மோட்டார் ரூமிலிருந்தே வண்டிக்கும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த மின்சாரம் நீர் இறைக்க மட்டுமே. வேறு காரியத்துக்கு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் வரும்; உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கட்ட நேரிடும். ஐந்து ரூபாய்க் கீரைக்கட்டு விற்பவர் அதைத் தாங்குவாரா?

வீட்டு இணைப்பில் போட்டாலும் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். தினம் 5 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்ந்துவிடுகிறது. எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் வயர் இழுத்து வாசலில் சார்ஜ் போட வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அன்றைக்கு வாங்காமல் திரும்பிவிடுங்கள்.