உருவத்தைப் பார்த்து மார்க் போடாதீர்கள்!



"அந்தக் காலத்து அம்பாசிடர் தான் பலசாலி!' "இல்லை... மாருதி 800 தான் சூப்பர்!' என்று பெரியவர்கள் வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு கட்சியும் லேசில் விட்டுக்கொடுக்காது. நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், 1950களின் கடைசியில் இருந்து தயாரானது. மாருதி 800, ஜப்பானின் சுசுகி தொழில்நுட்பத்தில், 1983 டிசம்பரில் குர்கானில் இருந்து வந்தது. இரண்டின் தயாரிப்பும் 2014ம் ஆண்டில் தான் நின்றது.

பழைய அம்பாசிடரின் இன்ஜின் 1,489 சி.சி.,; நான்கு சிலிண்டர்கள். மாருதி இன்ஜின் வெறும் 796 சி.சி.,, மூன்று சிலிண்டர்கள். அம்பாசிடருக்குச் சுமார் 50 குதிரை சக்தி. மாருதிக்குச் சுமார் 40 தான்.

"அப்போ அம்பாசிடர் தானே ஜெயிக்கும்?' என்கிறீர்களா... அவசரப்படாதீர்கள்!

அம்பாசிடரின் எடை, சுமார் 1,100 கிலோ. மாருதியோ, 650 கிலோ தான். எடையைக் குதிரைகளுக்குப் பங்கு போடுங்கள். அம்பாசிடரில் ஒவ்வொரு குதிரையும், 22 கிலோ சுமக்கிறது; மாருதியில், 16 கிலோ தான். பாரம் குறைந்த குதிரை தானே துள்ளி ஓடும்? அதனால் தான், குட்டிக் கார் சட்டென்று வேகம் எடுத்தது. பெட்ரோலும் குறைவாகக் குடித்தது.

அதற்காக அம்பாசிடரை மட்டம் தட்டக் கூடாது. அது மாருதியை விட, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் அதிகம். பெரிய குடும்பமே உட்காரலாம். சக்கரங்களும் பெரியவை. குண்டும் குழியுமான சாலையில் அதன் சவாரி சுகமே தனி!

எனவே, "எது நல்ல கார்?' என்று கேட்பதை விட, "எதற்கு நல்ல கார்?' என்று கேட்பது தான் சரி. நெரிசலான நகரத்துக்கும், சிக்கனத்துக்கும் என் ஓட்டு மாருதிக்கு. கிராமத்துச் சாலைக்கும், கூட்டமாகப் போவதற்கும் அம்பாசிடருக்கு.

ஆனால், ஒரு பேச்சை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "கெட்டித் தகடு, மோதினாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று, அம்பாசிடரைப் பற்றிச் சிலர் சொல்வர். இது ஆபத்தான நம்பிக்கை. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்காவிட்டால், அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களைத் தாக்கும். இன்றைய கார்களில் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆட்கள் இருக்கும் பகுதி உருக்குலையாமல் இருக்கும்படி வடிவமைக்கின்றனர். சீட் பெல்ட்டும், காற்றுப்பையும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. இந்த விஷயத்தில், அம்பாசிடர், மாருதி 800 இரண்டுமே பழைய காலத்துப் பிள்ளைகள் தான்.

பழைய கார்களை ரசிப்போம், தப்பில்லை. ஆனால், பாதுகாப்புக்கு மார்க் போடும்போது, பாசத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். எந்தக் காரில் ஏறினாலும், பின் சீட்டாக இருந்தாலும், முதல் வேலையாக சீட் பெல்ட் போடுங்கள். அப்பா மறந்தால், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்... சரியா?